தெலுக் இந்தானில் மணி பார்த்துச் சாப்பிடுங்கள்

தெலுக் இந்தானுக்கு மாற்றலாகி வரும் ஆசிரியர்கள், மருத்துவமனையில் புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள், சாய்ந்த கோபுரத்தோடு படம் பிடித்துக்கொள்ள கோலாலம்பூரிலிருந்து வரும் குடும்பங்கள், எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். "அண்ணே, இங்க எந்தக் கடை நல்லா இருக்கும்?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது கஷ்டம். காலை ஏழு மணிக்குத் தோசை மணக்கும் கடையில் பதினொரு மணிக்குப் போனால் காய்ந்த வடையும் அடிச்சட்டிச் சட்னியும்தான் இருக்கும். மத்தியானம் ஆள் நிற்க இடமில்லாத வாழையிலைக் கடை சாயந்திரம் இழுத்து மூடியிருக்கும். பகல் முழுக்கத் தார்ப்பாய் போட்டு மூடிக்கிடக்கும் ஒட்டுக்கடை இரவு எட்டு மணிக்கு மேல் புகை கக்கும். அதனால் எந்தக் கடை என்று என்னிடம் கேட்காதீர்கள், இத்தனை மணிக்குப் பசிக்கிறது, எங்கே போகட்டும் என்று கேளுங்கள், சரியாகச் சொல்கிறேன்.

இது தோட்டங்களுக்கு நடுவில், பேராக் ஆற்றங்கரையில் இருக்கிற ஊர். 1982 வரைக்கும் தெலுக் ஆன்சன் என்றுதான் பெயர், பெரியவர்கள் இன்னும் அப்படித்தான் சொல்வார்கள். சுற்றி ஜெண்டராத்தா, நோவா ஸ்கோஷியா, சப்ராங், ரூபானா என்று எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும் ஒரு தோட்டப் பெயர் வரும். ஜெண்டராத்தா 1906-இல் ரப்பர் தோட்டமாகத் தொடங்கியது, தொடங்கியவர் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் என்ற டென்மார்க் பொறியாளர். இன்றைக்கு யுனைடெட் பிளாண்டேஷன்ஸ் என்ற பெயரில் எண்ணெய்ப்பனையும் தென்னையும் வைத்திருக்கிறார்கள், தோட்டத்துக்குள்ளேயே ஸ்காண்டிநேவிய ரொட்டிக்கூடம்கூட உண்டு. (தோட்டம் என்றால் கஞ்சியும் கருவாடும்தான் என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.) தோட்டத்தில் விடியும்போதே பெரட்டு, அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பு. பெரட்டுக்கு நிற்க வேண்டியவர் இருட்டிலேயே வயிற்றை நிரப்பியாக வேண்டும், வெயில் ஏறும்போது மறுபடியும் பசிக்கும், இருட்டியதும் படுத்துவிடுவார். ஊர்க் கடைகள் இந்தப் பசியை நம்பிப் பிறந்தவை. தோட்டத்து ஜனங்களில் பாதிப் பேர் இப்போது தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளுக்கு வந்துவிட்டார்கள், அறுவடையில் இந்தோனேசியர்களும் வங்காளதேசத்தவர்களும் நேப்பாளிகளும் நிற்கிறார்கள், ஆனால் அடுப்பு பற்றவைக்கும் நேரம் மட்டும் மாறவில்லை.

பசியாறை

ஆறு மணியிலிருந்து எட்டரை வரைதான் இந்த ஊரின் நல்ல சாப்பாட்டு நேரம் என்பது என் கட்சி. சாலையோர மேசைகளில் நாசி லெமாக் பொட்டலங்கள் அடுக்கியிருக்கும். வாழையிலை வைத்துத் தாளில் மடித்ததாகப் பார்த்து எடுங்கள், பாலித்தீன் தாளில் மடித்ததை எடுத்தால் தேங்காய்ப்பால் சோற்றுக்கு அந்த இலை மணம் ஏறாது. நம் அம்மாக்கள் போடும் நாசி லெமாக்கும் மலாய் மாக்சிக்குகள் போடும் நாசி லெமாக்கும் ஒன்றில்லை. நம்மவர்கள் சம்பாலில், அதாவது மிளகாய் விழுதில், காரம் தூக்கலாக இருக்கும், பக்கத்தில் கோழிப் பெரட்டலோ நெத்திலி வறுவலோ கிடைக்கும். மலாய்க்காரர்கள் சம்பால் இனிப்பும் எண்ணெயுமாக மினுமினுக்கும், எனக்கு அதுதான் பிடிக்கும், வீட்டில் இதைச் சொல்ல முடியாது.

இடியாப்பம் வேண்டுமென்றால் கடை தேட வேண்டாம். மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டிக்கொண்டு ஹார்ன் அடித்துக்கொண்டே வருவார்கள், மலாய்க்காரர்கள் புட்டு மாயாம் என்று கூப்பிடுவார்கள். தேங்காய்த் துருவலும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்துக் கொடுப்பார்கள், குழம்பு வேண்டுமென்றால் வீட்டில் நீங்கள்தான் வைக்க வேண்டும். தாமானுக்குத் தாமான் வரும் நேரம் வேறு, பக்கத்து வீட்டு ஆன்ட்டியைக் கேட்டால் நிமிடக் கணக்கில் சொல்வார்.

தோசைக் கடையில் எட்டு மணிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுங்கள். கல் நன்றாகக் காய்ந்திருக்கும், போடுகிறவருக்கும் இன்னும் கை சோர்ந்திருக்காது. ரொட்டி சானாய் வேண்டுமென்றால் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடை. வெறும் ரொட்டிக்குக் கோசோங், முட்டை போட்டதற்குத் தெலுர், வெங்காயம் போட்டதற்குப் பாவாங். ரொட்டியைப் பிய்த்துப் போட்டு மேலே குழம்பு ஊற்றிக் கொண்டுவரச் சொல்ல "பாஞ்சிர்" என்றால் போதும். ஒன்று கவனியுங்கள். ஏற்கெனவே சுட்டு அடுக்கி வைத்திருக்கும் ரொட்டியை எடுத்துச் சூடுகாட்டித் தருகிற கடையில் உட்காராதீர்கள். மாவை வீசுகிற சத்தம் கேட்கிற கடையில் உட்காருங்கள், ஐந்து நிமிடம் கூடக் காத்திருந்தாலும் பரவாயில்லை.

சீனர் கோப்பிக் கடையில் நடந்துகொள்ளும் விதம்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே கடை, உள்ளே நான்கைந்து வியாபாரம் நடக்கும். கடை முதலாளி விற்பது தண்ணி மட்டும், அதாவது கோப்பி, தே, பார்லி, பெரும்பாலும் கூடவே வாட்டிய ரொட்டியும் அரைவேக்காட்டு முட்டையும். நூடல்ஸ் போடுகிறவர், சோறு விற்கிறவர், பாவ் அவிக்கிறவர் எல்லாம் அவரிடம் வாடகைக்கு இடம் பிடித்தவர்கள். அதனால் முதலில் ஒரு மேசையைப் பிடியுங்கள், அப்புறம் ஒட்டுக்கடைக்கு நடந்து போய் என்ன வேண்டும், எந்த மேசை என்று கை காட்டிவிட்டு வாருங்கள். தண்ணிக்காரர் தானாக உங்களிடம் வருவார். அவரிடம் ஏதாவது ஒன்று சொல்லியே ஆக வேண்டும், அவருடைய மேசையில்தானே உட்கார்ந்திருக்கிறீர்கள். வெளியிலிருந்து தண்ணீர்ப் போத்தல் கொண்டுவந்து வைத்தால் சில இடங்களில் அதற்கும் காசு வாங்குவார்கள், சண்டை போடாதீர்கள். சாப்பாடு மேசைக்கு வரும்போதே அந்தந்த ஒட்டுக்கடைக்குத் தனித்தனியாகக் காசு கொடுத்துவிட வேண்டும். கடைசியில் மொத்தமாகக் கொடுத்துக்கொள்ளலாம் என்று சும்மா இருந்தால் கொண்டுவந்தவர் பக்கத்திலேயே நிற்பார், நீங்கள் அவர் முகத்தைப் பார்ப்பீர்கள், அவர் உங்கள் முகத்தைப் பார்ப்பார். பெரிய நோட்டை நீட்டாதீர்கள், சில்லறை இல்லாவிட்டால் கியூஆர் அட்டை தொங்குகிறதா பாருங்கள், இப்போது பெரும்பாலான கடைகளில் தொங்குகிறது.

கோப்பி கேட்கத் தெரியாமல் பலர் இனிப்புப் பாகைக் குடித்துவிட்டு ஊரைத் திட்டுகிறார்கள். வெறுமனே "கோப்பி" என்றால் கெட்டிப்பால் போட்டு வரும், சர்க்கரையை நீங்கள் தனியாகக் கேட்கவே வேண்டாம். "கோப்பி ஓ" என்றால் பால் இல்லாமல் சர்க்கரை போட்டது. "கோப்பி ஓ கோசோங்" என்றால் பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. "கோப்பி சி" என்றால் இனிப்பில்லாத ஆவிப்பால் ஊற்றிச் சர்க்கரை சேர்த்தது. எதையும் "கூராங் மானிஸ்" என்று சொல்லி இனிப்பைக் குறைக்கலாம், குறைத்த பிறகும் நமக்கு இனிப்பாகத்தான் இருக்கும். ஐஸ் வேண்டுமென்றால் மாமாக் கடையில் ஐஸ் என்றும் சீனர் கடையில் பிங் என்றும் சொல்வது வழக்கம், எதைச் சொன்னாலும் புரிந்துகொள்வார்கள். கட்டிக்கொண்டு போவதற்கு மலாய்க்காரரிடம் பூங்குஸ், சீனரிடம் தாப்பாவ்.

யாரை எப்படிக் கூப்பிடுவது என்பதும் சாப்பாட்டின் ருசியைக் கூட்டும், குறைக்கும். வயதான சீனப் பெண்மணியை ஆன்ட்டி, ஆணை அங்கிள். மலாய்ப் பெண்களைக் காக் அல்லது மாக்சிக், ஆண்களை அபாங் அல்லது பாக்சிக். மாமாக் கடையில் அண்ணே போதும். கடையில் வேலை செய்கிற பிள்ளை நேப்பாளியோ வங்காளதேசத்தவரோ என்றால் தம்பி என்று கூப்பிடுங்கள், விரலைச் சொடுக்குவது, "ஏய்" என்பது, இதெல்லாம் வேண்டாம். அந்தப் பிள்ளைகளில் பலர் நம்மிடமிருந்தே தமிழ் பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள், "அண்ணா, சோறு கொஞ்சமா கூடவா?" என்று அவர்களே கேட்பார்கள்.

உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள்

நம் வீடுகளில் மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் நிறையப் பேர். மலாய்க் கடையில் வெறுமனே "டாகிங்" என்றிருந்தால் அது மாடு. ஆடு என்றால் காம்பிங் என்று தனியாகச் சொல்வார்கள். முர்தாபாக், சூப், பாக்சோ உருண்டை இவற்றில் கேட்காமல் கை வைக்காதீர்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், அவர்களுக்கும் பழகின கேள்விதான்.

சீனர் ஒட்டுக்கடையில் சார் குவேய் தியாவ் என்ற தட்டை அரிசி நூடல்ஸ் வறுக்கப் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது உண்டு, சேர்க்காதவர்களும் உண்டு. முஸ்லிம் நண்பரைக் கூட்டிக்கொண்டு போகும்போது "பன்றி விற்பதில்லை" என்ற பலகையை மட்டும் நம்பி உள்ளே நுழைந்துவிடாதீர்கள். பன்றி இல்லை என்பதும் ஹலால் என்பதும் அவர்களுக்கு ஒன்றல்ல, அரசின் இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிமின் சான்றிதழ் வேறு விஷயம். சந்தேகம் வந்தால் மாமாக் கடைக்கோ மலாய்க் கடைக்கோ போய்விடுவது நல்லது, உங்களுக்கும் அங்கே சாப்பிட நிறைய இருக்கும். அதேபோல் வெளியில் வாங்கிய சீனச் சாப்பாட்டுப் பொட்டலத்தை மாமாக் கடை மேசையில் பிரிக்கவே கூடாது. ஒரு தே தாரிக் சொல்லிவிட்டுத்தானே உட்கார்ந்திருக்கிறேன் என்று வாதாடினவர்களைப் பார்த்திருக்கிறேன், கடைக்காரர் அந்தத் தட்டையும் கிளாஸையும் என்ன செய்வார் என்று யோசிப்பதில்லை.

சைவக்காரர்கள்தான் மிகவும் உஷாராக இருக்க வேண்டியவர்கள். கீரை வதக்கல் என்று நம்பிச் சொன்ன காங்கோங்கில் பெலாசான் இருக்கும், அது இறாலை அரைத்துக் காயவைத்தது. சாயூர் லோடே பார்வைக்குக் காய்கறிக் கூட்டு மாதிரி இருக்கும், உள்ளே காய்ந்த இறால் அரைத்துப் போட்டிருப்பார்கள். நாசி லெமாக் சம்பாலில் நெத்திலி. பான் மீ என்ற சீன நூடல்ஸின் தெளிந்த சூப்பும் நெத்திலியில் கொதித்ததுதான். "ஆடா பெலாசான்? ஆடா உடாங் கெரிங்?" (பெலாசான் இருக்கிறதா, காய்ந்த இறால் இருக்கிறதா) என்ற இரண்டு கேள்வியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். முட்டையும் வேண்டாமென்றால் தா மாவ் தெலுர் என்று அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், இல்லையென்றால் மீ கோரெங் மேலே ஒன்று வந்து உட்கார்ந்துகொள்ளும்.

செவ்வாய், வெள்ளி விரதக்காரர்களும் புரட்டாசி பிடிப்பவர்களும் சீனச் சைவக் கடைகளை ஏன் விட்டுவைத்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. புத்த முறைப்படி நடத்துகிற கடைகளில் வெங்காயம், பூண்டுகூட இருக்காது. சோயாவிலும் கோதுமைப் பசையிலும் செய்த கோழி, மீன், ஆடு என்று வரிசையாக வைத்திருப்பார்கள், அதைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் பக்கத்திலிருக்கும் டவ் என்ற சோயாக் கட்டியும் காளானும் எடுத்துக்கொள்ளட்டும். சீனர் மாதத்தில் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அங்கே கூட்டம் அலைமோதும், அன்றைக்குச் சாப்பாடும் வகை வகையாக இருக்கும். அவர்களுடைய ஒன்பதாம் மாதம் பிறந்ததும் ஒன்பது பேரரசர் தெய்வங்களுக்காக ஒன்பது நாள் சைவ நோன்பு பிடிப்பார்கள். மஞ்சள் கொடி கட்டிய தற்காலிக ஒட்டுக்கடைகள் முளைக்கும். பல வருடங்களில் அது நம் நவராத்திரியோடு சேர்ந்தே வரும், கொலு வீட்டுக்குப் போகிற வழியில் பசியாற அதைவிட நல்ல இடம் கிடையாது.

மத்தியானம்

வாழையிலைச் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டு மணிக்கு முன்னால் போனால்தான் எல்லாக் கறியும் இருக்கும். உட்கார்ந்ததும் வெள்ளைச் சோறா, புழுங்கலா என்று கேட்பார்கள். புழுங்கல் சொல்லுங்கள். குழம்பு ஊற்றிப் பிசைந்தால் வெள்ளைச் சோறு கூழாகிவிடும், புழுங்கல் நிற்கும். மூன்று காய், அப்பளம், ஊறுகாய், மோர்மிளகாய், ரசம், மோர் எல்லாம் சோற்று விலைக்குள் அடக்கம், கேட்கக் கேட்கப் போடுவார்கள். காசு ஏறுவது தனியாக எடுக்கிற தட்டில்தான். ஆட்டுப் பெரட்டல், நண்டு, மீன் தலை இவை இருக்கும் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்து ஒரு பிள்ளை உங்கள் முன்னால் நிற்பார், வாசனை வரும், கை தானாகத் தட்டுக்குப் போகும். விலை கேட்டுவிட்டு எடுங்கள். முக்கியமாக மீன் தலையும் பெரிய இறாலும். பொரித்த பாகற்காயை இரண்டாவது முறை கேட்கத் தயங்காதீர்கள், எல்லாரும் கேட்கிறார்கள். சாப்பிட்டு முடித்தால் இலையை உங்கள் பக்கம் மடியுங்கள்.

மலாய்க் கடை நாசி சம்பூரும் சீனர் சாப் பானும் ஒரே முறைதான். தட்டில் நீங்களே சோறும் கறியும் போட்டுக்கொள்வீர்கள் அல்லது காட்டுவீர்கள், ஒருவர் எட்டிப் பார்த்துத் தட்டைக் கண்ணாலேயே எடை போட்டு விலை சொல்வார். காய் எத்தனை வகை எடுத்தாலும் விலை அதிகம் ஏறாது, மீனும் இறாலும் சோத்தோங் என்ற கணவாயும் எடுத்தால் ஏறும். மலாய்க் கடையில் பச்சையாகத் தின்னும் ஊலாம் கீரையும் சம்பால் பெலாசானும் கொஞ்சம் போட்டுப் பாருங்கள், முதலில் கசக்கும், அப்புறம் அது இல்லாமல் சோறு இறங்காது.

வெள்ளிக்கிழமை மட்டும் கணக்கு வேறு. பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரை தொழுகைக்காக முஸ்லிம் கடைகள் பல மூடியிருக்கும், திறந்திருக்கிற நம் கடைகளிலோ அன்றைக்கு விரதக்காரர்கள் கூட்டம். சீக்கிரம் போங்கள், இல்லை மூன்று மணிக்குப் போங்கள்.

மூன்று மணிக்கு மேல்

இந்த ஊர் பெயர் வாங்கிய இரண்டு சாப்பாட்டில் ஒன்று மீ ரெபுஸ். மஸ்தான் கனி என்ற கடைப் பெயரை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நம் தமிழ் முஸ்லிம்கள் கைப்பக்குவம் அது. மஞ்சள் மீ மேலே இறால் சாற்றில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு சேர்த்துக் கெட்டியாகக் காய்ச்சிய குழம்பு, அவித்த முட்டை, டவ், நொறுக்கின இறால் வடை, எலுமிச்சை. எலுமிச்சையைப் பிழியாமல் சாப்பிட ஆரம்பிக்காதீர்கள், குழம்பின் இனிப்பை வெட்டுவது அதுதான். வெளியூர்களில் மீ ரெபுஸுக்கு மாட்டிறைச்சிச் சாறு சேர்ப்பவர்களும் உண்டு, அதனால் புதிய கடை எதிலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

வெயில் சாய்கிற நேரத்தில் செண்டோல் வண்டிகள் மரத்தடியில் நிற்கும். பாண்டான் இலைச் சாற்றில் செய்த பச்சை நூல், தேங்காய்ப்பால், குலா மெலாக்கா என்ற பனைவெல்லம், சிவப்பு அவரை. பக்கத்திலேயே வடையும் காயும் வெட்டிக் குழம்பு ஊற்றித் தரும் ரோஜாக் இருக்கும், சிலர் பசெம்போர் என்பார்கள். பாகான் டத்தோ பக்கத்துத் தென்னந்தோப்புகள் இவ்வளவு அருகில் இருக்கும்போது பெட்டிப் பால் ஊற்றுகிறவர்களை மன்னிக்க முடியாது. பால் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். துருவின தேங்காயைப் பிழிந்த பால் கொஞ்சம் மங்கலாக இருக்கும்.

சாயந்திரமும் இரவும்

பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு இடத்தில் நடக்கும். முதலில் ஒரு சுற்று காசெடுக்காமல் நடந்துவிட்டு வாருங்கள், எந்த அடுப்பின் முன்னால் மூன்று இனத்தாரும் நிற்கிறார்களோ அங்கே நில்லுங்கள். ஆப்பாம் பாலிக், சாத்தே, கச்சாங் பூத்தே எல்லாம் கிடைக்கும். வடை விற்கும் அக்காவிடம் எண்ணெய் எப்போது மாற்றினார் என்று கேட்கத் தேவையில்லை, நிறத்தைப் பார்த்தாலே தெரியும். மழை வரும்போல் இருந்தால் ஆறு மணிக்கே போய்விடுங்கள்.

தோட்டத்தில் ஆள் மாறியதை இரவுக் கடைகளில்தான் பார்க்கலாம். வங்காளதேசத்தவர் நடத்தும் சிறிய சோற்றுக்கடைகள் நம் சாம்பார், கூட்டுக்குப் பழகிய நாக்குக்குப் புதிது. கடுகெண்ணெயும் பச்சை மிளகாயும் போட்டு மசித்த உருளைக்கிழங்கு பர்த்தா, கெட்டிப் பருப்பு, ஆற்று மீன் குழம்பு. அங்கும் மாடு சமைப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். இந்தோனேசியக் கடைகளில் ஆயாம் பென்யெட், பொரித்த கோழியைச் சம்பாலோடு இடித்து நசுக்கிக் கொடுப்பது. அந்தச் சம்பாலுக்கு முன்னால் நம் காரம் கொஞ்சம் அடங்கித்தான் போகும்.

பத்து மணிக்கு மேல் மாமாக் கடைதான் கதி, பந்து விளையாட்டு இருந்தால் திரை கட்டிப் போடுவார்கள். சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு: 2019 ஜனவரியிலிருந்து எந்தச் சாப்பாட்டுக் கடையிலும், திறந்தவெளி மேசையிலும்கூட, பிடிக்கக் கூடாது, மூன்று மீட்டர் தள்ளிப் போக வேண்டும்.

ஆற்று இறாலுக்காக வருகிறவர்கள் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். பேராக் ஆற்று உடாங் காலா எடைக்குத்தான் விற்கும். பட்டியலில் விலை எழுதியிருக்காது அல்லது "காலத்துக்கேற்ற விலை" என்றிருக்கும். தட்டில் எத்தனை என்று எண்ணிச் சொல்லாதீர்கள். கிலோ என்ன விலை, நான் எடுத்தது எத்தனை கிராம், சமைக்கத் தனிக் காசா என்று மூன்றையும் அடுப்பேற்றும் முன் கேட்டு முடித்துவிடுங்கள். இதில் கூச்சப்பட்டுவிட்டு, கணக்குச் சீட்டு வந்த பிறகு கடைக்காரரைக் கொள்ளைக்காரர் என்று திட்டுவது நியாயமில்லை.

நாட்காட்டியும் பாருங்கள்

சம்பளத்தை மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் கொடுத்தாக வேண்டும் என்று 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சொல்கிறது. அதனால் மாதத்தில் ஏழாம் தேதியை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை, டவுனில் எந்தக் கடையிலும் இடம் கிடைக்காது. தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக இறங்குவார்கள், பிள்ளைகளுக்கு மீ கோரெங், பெரியவர்களுக்கு ஆட்டுக்கறி. அன்றைக்குக் கடைகளில் சரக்கு புதிதாக இருக்கும், காத்திருக்கத் தயாராக இருந்தால் அதைவிட நல்ல நாள் இல்லை. அமைதியாகச் சாப்பிட வேண்டுமென்றால் மாதக் கடைசி.

நோன்பு மாதத்தில் முஸ்லிம் கடைகள் பகலில் உட்கார்ந்து சாப்பிட வைக்காது, பிற்பகலில் திறந்து கட்டிக் கொடுப்பார்கள். நாலு மணிக்கு மேல் ரமலான் சந்தைக்குப் போங்கள், வருடம் முழுக்கக் கண்ணில் படாத பலகாரங்கள் அங்கே வரும். ஏழு மணியை ஒட்டி மாமாக் கடைக்குள் நுழையாதீர்கள். அது நோன்பு துறக்கும் நேரம், மேசைகள் முன்கூட்டியே பேசி வைக்கப்பட்டிருக்கும், நீங்கள் உட்கார்ந்தால் பகல் முழுக்கப் பட்டினி கிடந்தவர் நிற்க வேண்டியிருக்கும். எட்டரைக்குப் போனால் போதும். சீனப் புத்தாண்டுக்கு சீனர் கடைகள் ஒரு வாரம், சிலது அதற்கும் மேல் மூடும். தீபாவளிக்கு நம் கடைகள் மூடும், அப்போது மாமாக் கடையில் நாமே வரிசையில் நிற்போம். சித்ரா பௌர்ணமிக்கு ஊருக்கு வருகிறவர்கள் கடையே தேட வேண்டியதில்லை, ரதம் வரும் வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தலும் அன்னதானமும்தான்.

ஊர் திரும்பும்போது

இரண்டாவது பெயர்போன சாப்பாடு சீ சோங் ஃபன், அதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஈப்போவிலும் பினாங்கிலும் சாப்பிட்டது மாதிரி இருக்கும் என்று வருகிறவர்கள், சாஸ் எங்கே என்று தேடுவார்கள். இங்கே சாஸ் கிடையாது. அரிசி மாவுத் தாளுக்குள்ளேயே காய்ந்த இறாலும் சீவிய செங்குவாங் கிழங்கும் வறுத்த வெங்காயமும் போட்டுச் சுருட்டி, ஊறவைத்த பச்சை மிளகாயோடு கொடுப்பார்கள். காய்ந்த இறாலின் உப்பும் மிளகாயின் புளிப்பும் போதும், வேறெதுவும் ஊற்றிக் கெடுக்க வேண்டாம். காய்ந்த இறால் இருப்பதால் சைவக்காரர்களுக்கு ஆகாது. பன்றிக் கொழுப்பு படக் கூடாது என்பவர்கள் கடைக்காரரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஈரச் சாஸ் இல்லாததால் கோலாலம்பூர் வரைக்கும் தாங்கும். பீடோர் வழியாக நெடுஞ்சாலை ஏறுகிறவர்கள் ஊரை விட்டுக் கிளம்பும் முன் கடைசியாக இதை வாங்கிக்கொள்ளுங்கள், காலையிலேயே வாங்கி வெயிலில் காருக்குள் வைத்துச் சுற்றாதீர்கள். மிளகாயைத் தனிப் பையில் கட்டச் சொல்லுங்கள், ஒன்றாகக் கட்டினால் புளித்தண்ணீர் இறங்கி ஊறிவிடும். அன்றைக்கே சாப்பிட்டுவிடுவது நல்லது. மிச்சமானதை ஃபிரிட்ஜில் வைத்தால் அரிசித் தாள் விறைத்துவிடும். அப்படியே மைக்ரோவேவில் தள்ளாமல் இட்லிப் பானையில் ஆவி காட்டி எடுங்கள், மறுபடியும் இளகிவிடும்.